இவர் வேண்டாம் என்று வீசிய கற்கள்

10 மார்ச் 2024, ஞாயிறு
ஊரில் மற்ற புருஷன்மார் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வருவார்கள். என் வீட்டுக்காரர் ராசாங்கம் ஓடையிலிருந்து இரண்டு மூட்டை சரளையோடு வந்து இறங்கினார். சலித்து, வாளித் தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். சிவப்பாக ஒரு சூதுபவள மணிக்கல் கிடைத்துவிட்டால் போதும், அன்றைக்கு நான் என்ன குழம்பு வைத்தாலும் பிரமாதம் என்பார். அதற்காகவாவது கிடைக்கட்டும்.

14 மார்ச்
அவர் ஒதுக்கிய குவியலில் சிவப்பாக ஏதோ மின்னியது. எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். இதைப் போய் எப்படி விட்டார்?

21 மார்ச்
ரசத்தைத் தண்ணீர் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லியாயிற்று. "கண்ணுல கத்தி வைக்க வுடமாட்டேன்" என்கிறார். கிண்ணம் பாதி நிறைந்துவிட்டது. இந்தக் கண்ணோடு, சிமெண்ட் லாரி ஓடுகிற செந்துறை ரோட்டில் வண்டி ஓட்டுகிறாரே — நான் என்ன செய்ய?

28 மார்ச்
பக்கத்து வீட்டு நர்மதா ஓடி வந்தாள். "அக்கா, மாமா நடுரோட்டுல போறாரு. லாரி மயிரிழையில தாண்டிப் போச்சு."

அவர் வந்ததும் கிண்ணத்தைக் கொண்டுபோய் முன்னால் கவிழ்த்தேன். "எல்லாம் நீங்க தூக்கிப் போட்டதுங்க. நல்ல கல்லு தெரியாத கண்ணுக்கு லாரி தெரியுமா?" கேட்டுவிட்டு அழுதுவிட்டேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் இல்லை. ஐயோ, அந்த முகம். ஏன்டி கண்ணகி இப்படிப் பண்ணினே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

29 மார்ச்
"டாக்டர்கிட்ட தேதி கேளு" என்றார்.

9 ஏப்ரல்
அரியலூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே கூப்பிடும்வரை என் கையை விடவில்லை. எனக்கும் விட மனமில்லை.

26 மே
டாக்டர் எல்லாம் சரி என்றுவிட்டார். காலையில் முதல் வேலையாக அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது பாட்டிலு. இது ஓட்டுச் சில்லு. இது லாரி பின்லைட்டு."

ஒன்றுகூடக் கல் இல்லை! தெரியாத கண்ணோடு மனுஷன் சரியாகத்தான் வீசியிருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"அன்னிக்குத் தடவுனப்பவே தெரிஞ்சுபோச்சு. பிளாஸ்டிக்கும் கல்லும் கைக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ அழுதுக்கிட்டு இருந்தியே. அப்புறம் எங்க சொல்றது?"

சாயங்காலம் ஓடைக்குப் போனோம். வண்டியை அவர்தான் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து சல்லடையைப் பிடித்துக்கொண்டேன்.