உங்கள் பக்கத்துக் காற்று

இன்று காலை காரின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, ஏசி குழாயில் நீங்கள் மாட்டிய அந்தக் காற்றழுத்த கேஜ்தான். ஊசி அசையவில்லை. நீங்கள் வால்வை மூடிவிட்டு நிமிர்ந்த அன்று எங்கே நின்றதோ, முப்பதாம் நாள் படையல் முடிந்த பிறகும் அதே இடத்தில், பூஜ்ஜியத்துக்குக் கீழே நிற்கிறது. எங்கேயும் கசிவு இல்லை. உங்கள் வேலை அவ்வளவு சுத்தம். வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்திருப்பேன். நம் வீட்டில் கிணறு இல்லாததால் தப்பித்தது.

உங்களுக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இந்த வீட்டில் முதலில் போக வேண்டியவள் நான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரம் இரண்டு தரம் மதுரைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறவள் நான். தலைவலி என்றுகூடப் படுக்காத நீங்கள் முந்திக்கொண்டீர்கள். வரிசையில் நிற்கிறவளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைவது, காலமெல்லாம் ரேஷன் கடையில் வரிசையை ஒழுங்குபடுத்திய மனிதர் செய்கிற காரியமா?

பாளையம்பட்டியிலிருந்து மதுரை போகும் பாதையை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கும் கரிசலும் வேலிக்கருவேலும்தான். எனக்குத் தண்ணீர் அளவு. டாக்டர் சொன்னதற்கு மேல் இரண்டு மடக்கு குடித்தால் கால் வீங்கும், மூச்சு இளைக்கும். திரும்பி வருகிற மதிய வெயிலில் ஜன்னல் வழியாக அனல் அடிக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேர்த்து வழிவீர்கள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் உங்கள் காலடியில் உருளும்.

"குடிங்களேன். நான் என்ன கண்ணா வைக்கப் போறேன்?" என்பேன்.

"எனக்குத் தவிக்கல" என்பீர்கள்.

பச்சைப் பொய். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிற மனிதனுக்குத் தண்ணீர் தவிக்காதா? நான் குடிக்க முடியாததால் நீங்களும் குடிக்க மாட்டீர்கள். அந்தத் தியாகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் கேட்டார்கள் உங்களிடம்?

அந்தக் கிழட்டுக் காரில் ஏசி என்று ஒன்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது வேலை செய்ததில்லை. டவுனில் மெக்கானிக் ஒரே போடாகப் போட்டார். "ஏசிக்குள்ள ஏத்துற பழைய காஸு இப்ப வாரதில்லண்ணே. புதுக் காஸுக்கு மாத்தணும்னா பாதி வண்டிய மாத்தணும். பேசாம வேற வண்டி வாங்கிருங்க." அன்றைக்குப் பிடித்தது சனி. மொபைலில் எவனெவனோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே மாற்றுவேன் என்று கிளம்பினீர்கள். என் அம்மா வீட்டுச் சீராக வந்த பிரிட்ஜைக் கவிழ்த்து, அதன் கம்ப்ரசரை அறுத்தெடுத்தீர்கள்.

"என்னங்க இது, அநியாயமா இருக்கு. ஓடிட்டிருந்த பிரிட்ஜு."

"ஏ இந்தா, கொழாய்க்குள்ள இருக்கிற காத்த எல்லாம் உறிஞ்சி எடுக்கணும். அதுக்கு இதுதான் பம்பு."

"மோரு புளிச்சுப் போகுமே?"

"நீ மோரே குடிக்கக் கூடாது."

இப்படிப் பேசுகிற ஆளிடம் என்ன பேச? பழைய எண்ணெயை வடித்துக் கழுவினீர்கள். ரப்பர் வளையங்களை ஒன்று விடாமல் மாற்றினீர்கள். பாத்திரம் தேய்க்க நான் வாங்கி வைத்திருந்த பஞ்சுகூடக் காணாமல் போனது. எங்கே என்று கேட்டால் காது கேளாதவர் போல இருந்தீர்கள். டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பதும், நீங்கள் சொல்லுகிற பாடத்தைக் கேட்பதும் என் வேலை. "புதுக் காஸு பழசு மாதிரி குளுராது, கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். அளவும் கொறச்சுத்தான் ஏத்தணும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

பம்பை ஓடவிட்ட அன்றைக்குக் காலையிலிருந்தே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். இடது தோளை உருட்டினீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? ஆஸ்பத்திரி வாசலையே மிதித்துக்கொண்டிருக்கிறவளுக்கு அதுகூடவா தெரியாது? "எந்திரிங்க, ஒரு இசிஜி எடுத்துட்டு வந்துருவோம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"பம்பு ஓடுதுல்ல. பாதில விட்டா காத்து புகுந்துரும், அம்புட்டும் வீணு. முடியட்டும், போவோம்."

முடிந்தது. வால்வை மூடினீர்கள், பம்பை நிறுத்தினீர்கள், குனிந்து ஊசியைப் பார்த்தீர்கள். "காலைல வரைக்கும் இது ஏறாம நின்னுச்சுன்னா காஸ் ஏத்திரலாம். அப்புறம் நீ குளுகுளுன்னு போகலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்த வாக்கில் சரிந்தீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நீங்கள் இழைத்து இழைத்துச் செய்த கார், உங்களைக் கொண்டுபோக முடியாமல் நின்றது. பம்பரும் பேட்டரியும் தரையில் கிடந்தன. பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவில், வெங்காயச் சாக்குகளின் மேல் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேருமுன்பே கை சில்லிட்டுவிட்டது. ஒரு ஓட்டைக் காருக்குள் காற்று புகக் கூடாது என்று உங்கள் மூச்சை விட்டீர்கள். இதை நான் எப்படி மன்னிப்பேன்?

போன வாரம் மதுரைக்கு நான் போகவில்லை. இரண்டு தரமும் போகவில்லை. அதுவரை பஸ்ஸில் கூட்டிப்போய் வந்த உங்கள் தம்பி கூப்பிட்டபோது உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. வரட்டும் என்றுதான் கிடந்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் யாருக்காக ஊசி குத்திக்கொள்ள வேண்டும்?

இன்று உங்கள் தம்பி கார் வாங்க ஆள் கூட்டிவந்தார். அதற்காகத்தான் தார்ப்பாயை எடுத்தேன். வந்தவர் தொங்குகிற குழாய்களைப் பார்த்து, "இதென்ன கருமம், கழட்டிப் போடுங்க" என்று கேஜில் கை வைத்தார்.

"தொடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்தக் காற்றை உள்ளே விடக் கூடாதென்றுதானே நீங்கள் எழுந்திருக்கவில்லை. எவனோ வந்து ஒரு திருகில் அதை விட்டுவிடுவதா? வந்தவரை அனுப்பிவிட்டு உங்கள் தம்பியிடம் சொன்னேன்: "பம்பரையும் பேட்டரியையும் மாட்டுங்க. காஸ் ஏத்திட்டு மதுரைக்குப் போவோம்."

"மதினி, எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது."

"எனக்குத் தெரியும். ஓடுற வண்டில கேஜோட நீல வால்வ மட்டும் தொறக்கணும். செவப்பத் தொட்டா காஸ் டப்பா வெடிச்சிரும்."

நீங்கள் வாங்கி வைத்திருந்த காஸ் டப்பாவைப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். அளவைக் குறைத்துத்தான் நிறுத்தினேன். குழாய் ஜில்லென்று வேர்த்தது.

காரியாபட்டி தாண்டியதும் உங்கள் தம்பி சொன்னார்: "ஒங்க பக்கம் நல்லா வருது மதினி. எம் பக்கம் பொட்டுக் காத்து வரலையே." எட்டி, காற்று வருகிற துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். மஞ்சள் பஞ்சு. பாத்திரம் தேய்க்கிற பஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி, டிரைவர் பக்கத்தை இறுக்கி அடைத்திருந்தீர்கள். இருக்கிற கொஞ்சக் குளிரும் என் பக்கமே வர வேண்டுமாம். நீங்கள் வெந்துகொண்டே ஓட்டுவீர்களாம்.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஒரு துண்டு விடாமல் கிளறி எடுத்தேன். கிளறும்போது உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்கள் தம்பி பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பஞ்சு இப்போது என் ஆஸ்பத்திரிப் பையில் இருக்கிறது. பை தலைமாட்டில் இருக்கிறது. இடது கையில் ஊசி, மெஷின் ஓடுகிறது, வலது கையால் இதை எழுதுகிறேன். சனிக்கிழமையும் வருவேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன்.

அடைப்பை எடுத்ததும் காற்று உங்கள் தம்பியின் முகத்தில் அடித்தது. என் பக்கம் குறைந்தது. காலடியில் கிடந்த பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஒங்க முன்னால எப்படி மதினி?" என்று இழுத்தார்.

"குடிங்கங்கிறேன்ல."

குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை, பாட்டில் காலியாகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்களும் ஒரு நாளாவது அப்படிக் குடித்திருக்கலாம்.