சோப்பு போட்டுக் கழுவிய ஸ்பாஞ்ச்

இன்று இரவு பாத்திரம் தேய்க்கும்போது எலுமிச்சை சோப்பின் வாசனை மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. "இன்னாடி, தட்டைப் பாத்துக்கினு நிக்கிற?" என்று அம்மா கேட்டாள். தட்டை வேகமாக அலசிக் கவிழ்த்தேன். இப்போது அம்மா தூங்கிவிட்டாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா கண்ணில் பட்டால் அவ்வளவுதான். நாளை ஞாயிற்றுக்கிழமை. உங்கம்மா உன் மீன்களை எடுத்துப்போக வருகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கலர் மீன் கடைக்கு நாம் முதல்முறை போனது ஞாபகம் இருக்கிறது. என் பொங்கல் பணமும் உன் பேச்சுப்போட்டிப் பரிசுப் பணமும் உன் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உருண்டையான கண்ணாடி ஜாடியில் ஒரே ஒரு சிவப்பு மீன். விலையும் கம்மி. இதுவே போதும் என்றேன்.

"இதுலயா? உன்ன பீரோவுல வச்சுப் பூட்டுனா இருப்பியா?" என்றாய்.

கடைக்காரர் சிரித்தார். "இன்னா பாப்பா, என் யாவாரத்தக் கெடுக்க வந்தியா?"

"இல்ல அண்ணாத்த. மேல ஒரு பழைய தொட்டி கீதே, அத்த எறக்குங்க."

யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன நீளத் தொட்டி அது. ஒழுகுமோ என்று எனக்குப் பயம். அடியில் செய்தித்தாளை விரித்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னாய். நாம் ரோஸ்மில்க் குடித்து, கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது தாள் காய்ந்தே இருந்தது. பிறகுதான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாய். கடைக்காரர் ஹீட்டரையும் காட்டினார். "செங்கல்பட்டு வெயிலுக்கு ஹீட்டரா? மீன் கொழம்பா வைக்கப்போறோம்?" என்று நீ கேட்டதும் அவரே அதை உள்ளே வைத்துவிட்டார். கலர் லைட்டையும், வாயைத் திறந்து குமிழி விடும் பிளாஸ்டிக் முதலையையும் நான் ஏக்கமாகப் பார்த்தேன். "அழகுக்கு அப்பறம்டி. மொதல்ல மூச்சுக்கு." மீதிப் பணத்தில் ஏர் மோட்டாரும் ஸ்பாஞ்ச் பில்டரும் வாங்கினோம்.

உங்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். விடியும் முன்பே சிறுசேரி கம்பெனி வேனில் உங்கம்மா கிளம்பிவிட்டால் வீடும் நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அதனால்தான் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. உன்னிடம் இருந்திருக்க வேண்டும். இதை எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தொட்டியின் அடியில் போடக் கல் தேடி மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினோம். கரையில் நான் துப்பட்டா நிறையப் பொறுக்கிய சிப்பிகளை நீ அப்படியே மணலில் உதறினாய். கடல் சிப்பி தண்ணீரையே மாற்றிவிடும் என்றாய். உன்னோடு பேசாமல் நடந்தேன். ஒரு சிற்பப் பட்டறை வாசலில் குவிந்து கிடந்த கருங்கல் சில்லுகளைக் கேட்டோம். உளியோடு உட்கார்ந்திருந்தவர், "இத்த வச்சு இன்னா பண்ணப்போறீங்க?" என்றார். மீனுக்கு வீடு என்றாய். "எடுத்துக்கோ. புள்ளையாரு தொந்தியில செதுக்கினது. பத்தரமா வச்சுக்கோ." அதைக் கேட்டுச் சிரித்ததில்தான் என் கோபம் போனது. சில்லுகளின் கூர்முனை மீனைக் கிழிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக எங்கள் வீட்டு சிமென்ட் தரையில் தேய்த்து மழுக்கினாய். உன் விரல் நுனிகள் சிவந்துவிட்டன.

பிறகு தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனே இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் மோட்டாரை ஓடவிட்டாய். தினமும் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போடச் சொன்னாய். "வெறும் தண்ணிக்கு சோறு போடறா பாரு" என்று நான் கிண்டல் செய்தேன். மீனின் கழிவு தண்ணீரை விஷமாக்கும், அதைத் தின்றுவிடும் கிருமிகள் ஸ்பாஞ்சில் வளர வேண்டும் என்று நீ விளக்கினாய். "கண்ணுக்குத் தெரியாம ஒரு ஊரே அதுல குடி வரணும்டி." நான் சிவப்பு மீனை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். சரியாகக் கேட்கவில்லை.

நாலு கப்பி மீன்களை விட்டுச் சில நாட்களில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீ திரும்பி வரும்போது தொட்டி அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கண்ணாடியில் பாசி பிடித்திருந்தது. ஸ்பாஞ்ச் பழுப்பாகி வழவழவென்று இருந்தது. அம்மாவும், "அவ வர்ற நேரத்துல இப்படியா நாத்தமா வச்சிருப்ப?" என்றாள். எல்லாவற்றையும் எடுத்து எலுமிச்சை சோப்பு போட்டுத் தேய்த்தேன். ஸ்பாஞ்சைத்தான் அதிகம் தேய்த்தேன். நுரை வெள்ளையாகும்வரை விடவில்லை. குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீன்களை விட்டு, போட்டோ எடுத்து உங்கம்மா போனுக்கு அனுப்பினேன். எவ்வளவு பெருமையாக அனுப்பினேன் தெரியுமா?

மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதுதான் உங்கம்மா போனிலிருந்து உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசியிருந்தாய். "இன்னாடி இவ்ளோ பளபளன்னு கீது? ஸ்பாஞ்சுல கை வச்சியா?"

"இல்லடி. தண்ணி மட்டுந்தான் மாத்தினேன்."

உடம்பு சரியில்லாதவளைக் கலங்கவைக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பலநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அது பொய். நீ திட்டுவாய் என்று பயந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வழி சொல்லியிருப்பாய். பாதி மீனாவது பிழைத்திருக்கும். மூன்று நாளில் நாலும் போய்விட்டன. அதன் பிறகு, மீன்கள் உயிரோடு நீந்தியபோது எடுத்து வைத்திருந்த பழைய வீடியோவை உனக்கு அனுப்பினேன். நீ அதையே திரும்பத் திரும்பப் பார்த்ததாக உங்கம்மா சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் நீ இல்லை.

உன் பதினாறாம் நாளில் உங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீனெல்லாம் நல்லா கீதா பாப்பா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். போன வாரம் போன் செய்தார்கள். "வூட்ல இன்னொரு பிளக் பாயின்ட் போட்டுட்டேன். அது வளத்த மீனு எங்கூட இருக்கட்டும்."

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. சாயங்காலம் அதே கடையில் அதே மாதிரி நாலு கப்பி வாங்கிவந்து தொட்டியில் விட்டாள். "பெத்த வயிறுடி. இன்னொரு சாவத் தாங்காது. இதுதான் அதுன்னு சொல்லிடு. ஒண்ணும் பாவமில்ல." அம்மா சொல்வதில் இருக்கும் இரக்கம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் உங்கம்மா உடைந்துபோவார்கள். சொல்லாவிட்டால், நீ தொட்டே இராத மீன்களை அவர்கள் காலமெல்லாம் உன்னுடையவை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன்னை ஏமாற்றியது போதாதா எனக்கு?

இந்த மீன்கள் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். உன் மீன்கள் போனதிலிருந்து, நீ செய்தது போலவே மீனில்லாமல் மோட்டாரை ஓடவிட்டுத் தீனி போட்டுவந்தேன். ஸ்பாஞ்ச் மறுபடியும் பழுப்பாகிவிட்டது. இப்போதெல்லாம் பக்கெட்டில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, அதில் இரண்டு முறை லேசாகப் பிழிவதோடு சரி. நீ சொன்னபோது காதில் வாங்காதது இப்போது என் கைக்குத் தெரிகிறது.

நாளை உங்கம்மா டப்பாவோடு வருவார்கள். அதன் மூடியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடப் போகிறேன். சோப்பு, போட்டோ, நீ கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும். அம்மா குறுக்கே பேசினாலும் நிறுத்த மாட்டேன். கேட்ட பிறகும் அவர்களுக்குத் தொட்டி வேண்டுமென்றால் ஸ்பாஞ்சை அலசக் காட்டிக்கொடுப்பேன். திட்டினால் நின்று கேட்டுக்கொள்வேன். அன்றே உன்னிடம் வாங்கியிருக்க வேண்டிய திட்டு அது.