படத்தில் இருக்கும் ஆயா

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே அனல். கடல் காற்று சுத்தமாக இல்லை. மாடி ஜன்னல் கொக்கி போய்விட்டது, தச்சரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் கேன். வராந்தாவில் மறுபடி புறா எச்சம். கோமதியைத் திட்டிவிட்டு உடனே வருத்தம். பாவம், கூட்டுவது, துடைப்பது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் அவள் ஒருத்திதான்.

இன்று ஸ்கூல் பஸ் வந்தது. எங்கள் பங்களாவுக்கு, பஸ்ஸில், கூட்டம்! கடலூர் முதுநகரில் இப்படி ஒரு கட்டடம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. துறைமுக அதிகாரி குடியிருந்த வீடு, பிறகு முனிசிபல் சொத்து, இப்போது பூச்சு அடித்துப் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். பொறுப்பு என் தலையில். திறந்த புதிதில் நானும் கோமதியும் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டோம். வந்தவர்களும் நங்கூரத்தையும் உடைந்த பீங்கான் தட்டையும் பார்த்துவிட்டு உடனே வெளியே. "ஆளு வரலன்னா குடோனுக்கு வுட்டுடுவாங்க மேடம்" என்றார் முனிசிபல் ஆபீஸ் ஏ.ஓ. சார். குடோன் ஆனால் கோமதிக்கு வேலை இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தக் கதை வந்தது.

ஹாலில் ஒரு பழைய குரூப் போட்டோ. அதிகாரி குடும்பம் நாற்காலியில், வேலைக்காரர்கள் பின்னால் நின்றபடி. ஓரத்தில் வெள்ளைப் புடவையில் பிள்ளை வளர்க்கும் ஆயா. கீழே பெயர்: அந்தோணியம்மாள். எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் வேறு எங்கோ. அந்தப் பார்வையை வைத்துத்தான் கட்டினேன். வீட்டம்மாவின் மோதிரம் காணாமல் போனது, பழி ஆயா மேல் விழுந்தது, பின்பக்கக் கிணற்றில் குதித்துவிட்டாள், இன்றும் பொழுது சாய்ந்தால் வளையல் சத்தம். அத்தனையும் என் சொந்தச் சரக்கு. யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். இப்போது சனி ஞாயிறில் க்யூ.

இன்று ஒரு சின்னப் பெண் கேட்டாள், "மிஸ், அவங்க நெஜமாவே திருடுனாங்களா, இல்ல பொய்யா சொன்னாங்களா?"

"நெஜமாவே திருடினாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பிள்ளைகள் "ஓ" என்று கத்தியது நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் ஒரு பெரியவர், எண்பது பக்கம், கைத்தடியோடு. கூட மகள். நான் வழக்கம்போல "வாங்க, செருப்ப அங்க வுடுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் நிற்கவில்லை. நேராகப் போட்டோவிடம் போனார்.

"நாங்க சிதம்பரத்துலேர்ந்து வரோம் மேடம். என் பேரு ஸ்டெல்லா, டீச்சரா இருக்கேன். இவுரு எங்கப்பா சூசைராஜ்" என்றாள் மகள். "வீடியோவுல ஒரு ஆயா பேரு சொன்னீங்க இல்ல, அவுங்க எங்கப்பாவோட அம்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். போட்டோவின் கண்ணாடி மேல் விரலை வைத்தார். மற்றவர்களை "தொடாதீங்க" என்று விரட்டுகிறவள் நான். இன்று விலகி நின்றேன்.

"மூஞ்சியே மறந்துபோச்சும்மா எனக்கு" என்றார். "சின்ன புள்ளயில என்னக் கொண்டாந்து சிதம்பரத்துல எங்க சின்னம்மா வூட்டுல வுட்டாங்க. தோ வந்துர்றேன்னு சொன்னாங்க. வரல. வேற கல்யாணம் கட்டிக்கினு போயிட்டான்னு சின்னம்மா சொல்லுவாங்க. அவுங்க பேச்ச எடுத்தாலே நான் எழுந்து போயிடுவேன். எம்மாம் வெறுப்பு தெரியுமா?"

மூச்சு வாங்கினார். கோமதி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"இப்பதான தெரியுது, ஏன் வரலன்னு. கெணத்துல கெடந்தவங்க எப்படி வருவாங்க? திருடி இருந்தாலும் எனக்காவத்தான் திருடி இருப்பாங்க. இல்லீங்களாம்மா?"

தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன். இதை எழுதவே கூசுகிறது.

கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே மூடியிருந்த கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார். யாருமே சாகாத கிணறு. நான் இந்தக் கதையைக் கட்டியபோது பக்கத்தில் நின்று சிரித்தவள் கோமதி. இன்று அவள் என் பக்கமே பார்க்கவில்லை.

போகும்போது என் இரண்டு கையையும் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்மா" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

தலைவலி. கரண்ட் போய்ப் போய் வந்தது. சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், இறங்கவில்லை. "ஏன், உப்பு ஜாஸ்தியா?" என்றார் என் வீட்டுக்காரர். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒரு மனுசன் வயசான காலத்துல நிம்மதியா ஆயிட்டாரு. நீ போயி அதக் கெடுக்காத. வுடு" என்று இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார்.

விடலாம்தான். அந்தோணியம்மாள்? என் வாயால் திருடி ஆனவள். பெற்ற பிள்ளையே இப்போது அதை நம்புகிறார்.

கோமதி மதியம் தட்டைக் கழுவிக்கொண்டே, "எங்கம்மாவும் வூட்டு வேலதான் மேடம் செஞ்சாங்க" என்றாள்.

மாலை ஸ்டெல்லா போன். அவள் அப்பா மாதா கோவிலில் தன் அம்மாவின் ஆன்மாவுக்காகப் பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம், வாழ்நாளில் முதல் முறை, அடுத்த ஞாயிறு. தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், எங்கம்மா என்ன வுட்டுட்டுப் போகல என்று. போட்டோவில் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு காப்பி கிடைக்குமா? "கண்டிப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூலை 12, சனி

க்யூ. வெயிலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். போட்டோ முன்னால் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. இன்று அவள் திருடவில்லை, வீண் பழி என்று மாற்றிச் சொன்னேன். அதுவும் பொய்தான். எனக்கு வெட்கமே இல்லையா?

ஜூலை 14, திங்கள்

பங்களாவுக்கு விடுமுறை. ஸ்டுடியோவில் ஃபிரேம் போட்ட படத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ். புதுச்சத்திரம் தாண்டும்வரை வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். இறங்கியபோது ஒன்றும் மிச்சமில்லை.

ரயிலடிக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. சுவரில் ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார். படத்தை வாங்கி அவரே மாட்டினார். கொஞ்சம் சாய்வாக இருந்தது, ஸ்டெல்லா நிமிர்த்தினாள். காபி கொடுத்தாள்.

"அய்யா, அந்தக் கெணத்துக் கத நான் கட்டினது."

"என்னாது?"

"மோதிரம், கெணறு எதுவும் நெஜம் இல்ல. அவுங்களுக்கு என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியாது. கூட்டம் வரணும்னு நானா சொன்னேன். பேரும் படமும்தான் நெஜம். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்போ," என்றார், "எங்கம்மா வந்திருக்கலாம். வரல. அவ்ளோதான்."

தடியை எடுக்காமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிடும் சத்தம்.

ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள். நல்ல மாதிரி அனுப்பி வைக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "இந்த நாலு நாளாத்தான் எங்கப்பா சிரிச்ச மூஞ்சியா இருந்தாரு" என்றாள். "வந்து சொல்லிட்டீங்க. உங்க பாரம் கொறஞ்சிடுச்சு. அவுருக்கு?"

பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டிகள் வந்து போயின. ஏறாமல் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பாரமும் குறையவில்லை, ஸ்டெல்லா. இதை இங்கே எழுதி யாருக்கு என்ன?

ஜூலை 16, புதன்

தச்சர் வந்தார், கொக்கி சரி. ஏ.ஓ. சாரிடம் இனிமேல் அந்தக் கதை கிடையாது என்றேன். சிரித்தார். "எந்த ஊர்ல மேடம் டூரிஸ்டுக்கு சொல்ற கத நெஜமா இருக்கு? பேர மாத்திக்கினு சொல்லுங்க." மாட்டேன் என்றேன். "கூட்டம் கொறஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும், பாத்துக்குங்க."

கோமதி இன்று டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

ஜூலை 19, சனி

தூறல். அப்படியும் கூட்டம். கதை இல்லை என்றதும் முகம் சுருங்கிப் போகிறார்கள். "இதுக்கா இம்மாம் தூரம் வந்தோம்?" என்று ஒரு அம்மா என் காதுபடவே.

பதினொரு மணி சுமாருக்கு சூசைராஜ். தனியாக. நனைந்திருந்தார். கோமதி டிக்கெட் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை, வாங்கிக்கொண்டார். என்னைத் தாண்டிப் போய்ப் போட்டோவுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். நாளைக்குப் பூசை என்று கோமதியிடம் சொன்னாராம், எப்ப செத்தாங்கன்னு தெரியலன்னாலும் செத்திருப்பாங்க இல்ல என்று. கிட்டே போகத் தைரியம் இல்லாமல் தூணோரம் நின்றேன்.

காடாம்புலியூரிலிருந்து ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண் குழந்தை ஓடிவந்து போட்டோவைக் காட்டி, "இவங்கதான கெணத்துல வுழுந்த ஆயா?" என்றது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இது எங்கம்மா" என்றார் பெரியவர்.

குழந்தை அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"அந்தோணியம்மான்னு பேரு. இந்த வூட்லதான் வேல செஞ்சாங்க. அடுத்தவங்க புள்ளைய வளத்தாங்க. என்ன எங்க சின்னம்மாகிட்ட வுட்டுட்டுப் போனாங்க."

"அப்பறம்?"

அவர் தலையைத் திருப்பினார். அன்றைக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், நான் பேசும்வரை.

"தெரியல கண்ணு" என்றேன். "அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியல."