மதிலில் ஓர் ஆள் அகலம்

ஏப்ரல் 7, 2025

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கருவேலங்காட்டை இன்று ‘பசுமைச் சூழல் மனை’ என்று காட்டினேன். பொய்யில்லை. கருவேலமும் பச்சைதான். எம்.ஏ. பொருளாதாரம் படித்தது இதற்காவது உதவுகிறது.

மாலையில் ரகுநாத்தின் போன். பக்கத்து வீட்டுக்காரன். பேசிப் பன்னிரண்டு வருடமாகிறது.

“கண்ணா, கோயம்புத்தூர்ல மக வீட்டோட வந்துட்டோம்டா. மாடியில எங்களுக்கு ஒரு ரூம் எடுக்கணும், அந்த வீட்ட நம்பித்தான் இருக்கோம். ஆடி பொறக்கிறதுக்குள்ள நீதான் வித்து முடிச்சுக் குடுக்கணும்.”

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தன் வயலை விற்க, மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த என்னை விட்டுவிட்டுத் திருச்சித் தரகரைக் கூட்டி வந்தவன் அவன்.

ஏப்ரல் 13

அவன் வீட்டைத் திறந்து பார்த்தேன். கேரம்போர்டு அதே மூலையில்.

அப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே மதிலில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி இருந்தது. 2003 உலகக் கோப்பை இறுதியாட்டம். கரண்ட் இல்லை. டிவி எங்களுடையது, இன்வெர்ட்டர் அவனுடையது. டிவியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியில் நுழைந்து இருவரும் பாதியில் சிக்கிக்கொண்டோம். என் மனைவி பிரகதாம்பாள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

பிறகு அந்த வழி அடைபட்டது.

மே 4

வீடு காட்டக் காலை எட்டு மணிதான் நேரம். காற்று வரும், வெயில் ஏறாது. நான் மாலை நான்குக்குக் கூட்டிப் போகிறேன். மேற்குச் சுவர் தோசைக்கல். இன்று வந்தவர், “அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குங்க” என்று ஓடினார். இவர் மூன்றாவது ஆள்.

மே 11

“யாருக்குமே புடிக்கலையாடா?” ரகுநாத்தின் குரல் மெலிந்திருந்தது.

“மார்க்கெட் டல்” என்றேன்.

பிரகதாம்பாள் விடவில்லை. “மார்க்கெட்டா டல்லு? சித்திரை வெயில்ல நாலு மணிக்கு வீடு காட்டுற புரோக்கர் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்.”

மே 18

திருப்பதி, சத்யா என்று ஒரு தம்பதி. அவருக்கு மஸ்கட்டில் வேலை. அவள் கொத்தனார் மகள். அதே நான்கு மணி. சத்யா வெயிலைக் கண்டுகொள்ளவில்லை. நேரே மதிலுக்குப் போனாள்.

“இங்க ஒரு வழி இருந்துச்சாங்க?”

“இருந்துச்சு. வீட்டுக்காரர் அடைச்சிட்டாரு.”

செங்கல்லைத் தடவினாள். “இல்லைங்களே. கலவை இங்கிட்டுல்ல பிதுங்கி நிக்கிது. கட்டுன ஆளு அங்கிட்டு நின்னு கட்டி, அந்தப் பக்கத்த மட்டும் வழிச்சு விட்டிருக்காரு. அது யாரு வீடு?”

“என் வீடுதாங்க.”

திருப்பதி சிரித்துவிட்டார்.

மே 19

ஆமாம். நான்தான். வயல் கிரயமான மறுநாள், ரகுநாத் ஆபீஸ் போன நேரம் பார்த்து. அவன் அடைத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படியாகிவிட்டது. அவன் ஒருவரிடம்கூட மறுத்ததில்லையே — ஏன்டா?

மே 20

சத்யாவுக்குப் போன் செய்தேன். “காலையில எட்டு மணிக்கு ஒரு தடவ வந்து பாருங்கம்மா.”

ஜூலை 4

கிரயம் முடிந்தது. பதிவு அலுவலக மரத்தடியில் ரகுநாத்திடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கு ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று.

“ஒனக்குக் கமிஷன் குடுத்தாலும் சங்கடம், குடுக்காட்டியும் சங்கடம். அதான்டா.”

இவ்வளவுதானா!

ஜூலை 13

சத்யா கடப்பாரையோடு வந்தாள். “அவரு மஸ்கட்டு போயிட்டா எனக்குக் கூப்புட்ட கொரலுக்கு ஆளு வேணும். நீங்க அடச்சது, நீங்களே இடிங்க சித்தப்பா.”

அரை நாள் பிடித்தது. நுழைந்து பார்த்தேன். இந்தத் தடவை டிவி இல்லை, வயிறு. பாதியில் சிக்கினேன். பிரகதாம்பாள் சிரித்தாள் — அதே சிரிப்பு.

“சிரிச்சது போதும்,” என்றேன். “ஒரு போட்டோ எடு. ரகுநாத்துக்கு அனுப்பணும்.”