பதினான்காம் தாள்

கிளாஸ்கோ,
14 அக்டோபர் 1997

அன்புள்ள எர்லெண்ட்,

நலம். நீயும் நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வந்து ஐந்து வாரம் ஆகியும் இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

இன்று ஓவியக் கல்லூரியில் முதல் விமர்சன வகுப்பு. அவரவர் வேலையைச் சுவரில் குத்திவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். மற்றவர்கள், வரைந்தவர் அங்கே இல்லாததுபோல அதைப் பற்றிப் பேசுவார்கள். நான் நம் தீவின் ஸ்ட்ரோம்னஸ் துறைமுகத்தைக் கரிக்கோலில் வரைந்திருந்தேன். மூன்று வார உழைப்பு. கயிற்றின் முறுக்கு ஒவ்வொன்றையும் எண்ணலாம். எங்கள் ஆசிரியர் ஃபெர்கஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் கவலையா இருக்கு," என்றார். பிறகு, இதற்கு முன்னால் வரைந்து பார்த்ததெல்லாம் எங்கே, ஸ்கெட்ச் நோட்டு எங்கே என்று கேட்டார்.

நான் முன்னால் எதையும் வரைந்து பார்ப்பதில்லையே. மனதில் பார்த்துக்கொள்கிறேன், பிறகு வரைகிறேன். அதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லோரும் திருட்டை ஒப்புக்கொண்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

என் பக்கத்து மேசையில் ஸேடி என்று ஒரு பெண். பதினெட்டு வயது, தலைமுடி நீலம். அவள் சுவரில் ரொட்டித் துண்டுகளை ஒட்டிவைத்திருக்கிறாள். அதில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஆகா என்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் பள்ளிச் சமையலறையில் ரொட்டி பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்டவள் நான். நாற்பத்தேழு வயதில் இதைப் பார்க்கவா வந்தேன் என்று இருக்கிறது.

பழைய போர்வையை எடுத்துப் போட்டுக்கொள். குளிரில் கிடக்காதே.

உன்,
மெரன்


ஸ்ட்ரோம்னஸ்,
23 அக்டோபர் 1997

அன்புள்ள மெரனுக்கு,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. காற்று பலமாக அடித்ததால் இரண்டு நாள் படகு ஓடவில்லை. நாய் உன் செருப்பின்மேல்தான் படுக்கிறது. எடுத்து வைத்தால் தேடிக் கொண்டுவந்துவிடுகிறது.

கயிற்றின் முறுக்கு சரியாக வந்திருந்தால் படமும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பையனிடம் ஒரு கயிற்றைக் கொடுத்துக் கப்பலைக் கட்டச் சொல். அப்புறம் பேசட்டும்.

நீ போனதில் எனக்கு இஷ்டமில்லை என்பதைத் திரும்பச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். மேசைதான் சங்கடமாக இருக்கிறது. நான் விடியுமுன் முதல் படகில் வேலைக்குப் போய்விடுவேன், மத்தியானம் திரும்பும்போது நீ பள்ளிச் சமையலறையில் இருப்பாய். இருபத்திரண்டு வருடம் நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்துக்கொண்டுதான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். இப்போது உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

எர்லெண்ட்


கிளாஸ்கோ,
30 ஜனவரி 1998

அன்புள்ள எர்லெண்ட்,

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொன்னேன் அல்லவா? பொய். நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே.

அரையாண்டு மதிப்பீட்டுக்கு ஸ்கெட்ச் நோட்டு கட்டாயம். என்னிடம் முடித்த படங்கள் பதினொன்று இருந்தன, நோட்டு இல்லை. ஸேடிதான் வழி சொன்னாள். "இங்க பாதிப் பேர் அப்படித்தான்மா பண்றாங்க. முதல்ல படத்த முடிச்சிடுங்க, அப்புறம் தடுமாறி வந்த மாதிரி பின்னாலேர்ந்து நோட்ட நிரப்பிடுங்க." தாளைக் கசக்கவும் டீ சிந்தவும்கூட அவளே சொல்லிக்கொடுத்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து, தெரிந்தே தப்புத் தப்பாக வரைந்தேன். அதைவிடக் கேவலமான வாரம் என் வாழ்க்கையில் இல்லை.

ஃபெர்கஸ் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். கோபப்படவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. "மெரன், இதுல ஒரு கோட்டுலகூட சந்தேகமே இல்லையே. தப்பக்கூட அழகா போட்டிருக்கீங்க," என்றார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் உண்மையாகத் தேடி வரைந்ததைக் காட்டாவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது. கல்லூரிக்குள் வருவதற்கு இருபது வருடம் காத்திருந்தேன் எர்லெண்ட். ஒரு நோட்டுக்காக வெளியே அனுப்பப்போகிறார்கள்.

ஸேடியின் ரொட்டி முழுக்கப் பச்சையாகிவிட்டது. அவளுக்கு முதல் மதிப்பெண்.

உன்,
மெரன்


ஸ்ட்ரோம்னஸ்,
9 பிப்ரவரி 1998

அன்புள்ள மெரனுக்கு,

சிரிக்கவில்லை. டீ சிந்திய இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

நீ வரைந்து பார்ப்பதே இல்லை என்று யார் சொன்னது? உன்னிடம் சொன்னதில்லை, அலமாரிமேல் பெரிய பிஸ்கட் டப்பா இருக்கிறதே, அதில்தான் உன் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. மேசைத் தாள்கள். முந்நூறுக்குமேல் இருக்கும். சூப் பானையில், ரொட்டி துணிக்கடியில் என்று எழுதி ஓரத்தில் ஏதாவது வரைவாயே, அவைதான். நேற்று எடுத்துப் பார்த்தேன். கெட்டில் எழுபத்தொன்பதில் ஒரு மாதிரி, எண்பதில் வேறு மாதிரி. நாயின் காதை நாலு முறை அடித்துத் திருத்தியிருக்கிறாய், அப்படியும் முயல் காதாகத்தான் இருக்கிறது. ஆகவே உனக்கும் தப்பு வரும். மனதைத் தேற்றிக்கொள்.

எர்லெண்ட்


கிளாஸ்கோ,
14 பிப்ரவரி 1998

என் அன்பு எர்லெண்ட்,

இன்று என்ன நாள் என்று தெரியும். பூ வேண்டாம், டப்பாவை அனுப்பு.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அடுப்பில் எரிந்துபோயிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடத் தடுமாற்றம், அத்தனையும் உண்மை, ஒரு துளி டீகூட நான் சிந்தவில்லை! ஃபெர்கஸிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதுதான் உங்கள் நோட்டு, அதைத்தான் சுவரில் வைக்கவேண்டும் என்றார். உடனே அனுப்பு. நனையாமல் கட்டு.

உன்,
மெரன்


ஸ்ட்ரோம்னஸ்,
21 பிப்ரவரி 1998

மெரனுக்கு,

யோசித்தேன். அனுப்பமாட்டேன்.

உன்னை ஊருக்கு வரவைக்கத்தான் இப்படிச் செய்கிறேன் என்று நினைப்பாய். அது இல்லை. அந்தத் தாள்கள் நீ எனக்கு எழுதியவை. அறிமுகமில்லாத ஆட்கள் நின்று பார்த்து மார்க் போடுவதற்காக எழுதியவை அல்ல. எண்பத்துமூன்று மார்ச் மாதத்துத் தாளும் அந்த டப்பாவில் இருக்கிறது. குழந்தை தங்காமல், ஆஸ்பத்திரியிலிருந்து நீ வந்த மறுநாள் எழுதியது. பிள்ளை கோட்டு மாட்டுவதற்கென்று நான் வாசல் சுவரில் தாழ்வாக அடித்துவைத்த கொக்கியை வரைந்து, "இந்த முறையும் இல்லை. என்னை எழுப்பாதே. மீன் அடுப்பில் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அதற்குப்பின் நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு அந்தத் தாள்தான் இருக்கிறது.

வேறு எது வேண்டுமானாலும் கேள்.

எர்லெண்ட்


ஸ்ட்ரோம்னஸ்,
27 ஏப்ரல் 1998

மெரன்,

இன்று டப்பாவை இறக்கினேன். லேசாக இருந்தது.

ஈஸ்டருக்கு வந்து நாலு நாள் தங்கினாய். இறைச்சி வறுத்தாய், நாயைக் குளிப்பாட்டினாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஜூனில் திருப்பித் தருகிறேன்" என்று ஒரு சீட்டை உள்ளே போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதில் படம்கூட இல்லை.

எர்லெண்ட்


கிளாஸ்கோ,
6 மே 1998

எர்லெண்ட்,

நான் செய்தது தப்பு. உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் மறுபடியும் இல்லை என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். உனக்கு எழுதியவை என்கிறாய், சரி. எழுதியது யார்? பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் கோட்டை மாட்டிக்கொண்டு வரைந்தது யார்? எனக்கென்று ஒரு மேசையோ அறையோ இருந்ததில்லை. அந்தத் தாள்களின் ஓரம்தான் எனக்கு இருந்த இடம். மார்ச் மாதத்துத் தாளும் அப்படித்தான். அந்த வயிறு என்னுடையது எர்லெண்ட். நீ அதை டப்பாவில் வைத்து மூடினாய். நானும் பேசாமல் இருந்தேன். இனி முடியவில்லை.

நாற்பது தாள்களை வரிசையாகச் சுவரில் வைக்கப்போகிறேன். அது பதினான்காவது. அந்தக் கொக்கியைப்போல ஒன்றை அதற்குமுன் நான் வரைந்ததில்லை, பின்பும் இல்லை. இருபத்தொன்பதாம் தேதி முதல் நான்கு நாள் காட்சி, கடைசி நாள் மதிப்பீடு. யார் வேண்டுமானாலும் வரலாம். நீ வரமாட்டாய். தெரிந்தும் எழுதுகிறேன்.

மெரன்


கிளாஸ்கோ,
3 ஜூன் 1998

எர்லெண்ட்,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கும் வேண்டாம், படித்தால் போதும்.

முந்தாநாள் காலை வந்து பார்த்தால் பதின்மூன்று இருக்கிறது, பதினைந்து இருக்கிறது, நடுவில் நான்கு குண்டூசி மட்டும் நிற்கிறது. ஸேடியை உலுக்கிக் கேட்டேன். ஞாயிறு சாயங்காலம் படகுக்காரர் மாதிரி நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் வந்தாராம். பதினான்காவதின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாராம்.

"யாரும்மா எழுதினது இது?" என்று கேட்டிருக்கிறாய்.

"எங்க கிளாஸ்ல ஒரு அம்மா. வீட்டுக்காரருக்கு எழுதி வெச்சதாம்."

"இங்க மாட்டியிருக்கிறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா மாட்டுவாங்க?" என்று சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். அவளுக்கு என்ன தெரியும்? நீ தலையாட்டிவிட்டு, அவள் டீ வாங்கப் போகும்வரை காத்திருந்திருக்கிறாய். கூட்டத்தில் நான் எங்கேயோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என்னைத் தேடினாயா என்று கேட்கமாட்டேன்.

அரைமணி நேரத்தில் மதிப்பீட்டாளர்கள் வந்துவிட்டார்கள். எனக்கு வாய் திறக்க அவகாசமில்லை. மூன்று பேரும் அந்தக் காலி இடத்தின் முன்னால்தான் நின்றார்கள். அதில் ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த இடத்தை வெறுமையாக விட்டதுதான் இந்த அறையிலேயே தைரியமான முடிவு என்றார். ஃபெர்கஸ் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். தேர்ச்சி. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். என் மிகச் சிறந்த படத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. அது இல்லாததற்கு மார்க் போட்டிருக்கிறார்கள். எட்டு மாதம் இவர்களுக்காக அழுதிருக்கிறேன், நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குண்டூசிகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, நீ அந்தத் தாளை எப்படி வைத்திருந்தாய் என்று. கேட்காமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதும் புரிந்தது.

பத்தொன்பதாம் தேதி மத்தியானப் படகில் வருகிறேன். முப்பத்தொன்பது தாள்களும் சுவரில் ஏறாத மீதியும் என் பையில் இருக்கும். கதவைப் பூட்டியிருந்தால் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறேன்.

மெரன்


சமையலறை மேசை,
19 ஜூன்

மெரன்,

முதல் படகுக்குப் போகிறேன். கதவு திறந்திருக்கிறது. சூப் பானையில். உப்பு கொஞ்சம் தூக்கல்.

தாள்களை டப்பாவில் போட்டுவிடு. அந்த ஒன்று என் கோட்டின் உள்பையில் இருக்கிறது. உன்னுடையதும்தான் என்றாய், அது சரி. நான் வந்ததும் இந்த மேசையில் வைக்கிறேன், இரண்டு பேரும் பார்க்கலாம். வாசல் கொக்கியில் மாட்டியிருந்த நாய்க்கயிற்றை இன்று கழற்றிவிட்டேன். பதினைந்து வருடம் ஆகிறது, சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசலாம்.

செப்டம்பரில் நீ திரும்பப் போகும்போது மேசையில் ஒரு தாள் வைத்துவிட்டுப் போ. எனக்கு மட்டும்.

எர்லெண்ட்

கீழே இருப்பது நம் படகு. அதற்கு முன்னால் வரைந்து பார்த்தவை மூன்று, பின்பக்கத்தில். ஒன்று பசுவாக வந்துவிட்டது.