பெரியவளை லாரியில் ஏற்றியது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாத்திரை வாங்கிக் கொடுத்தால் டப்பாவைத் திறக்காமலே குறைந்துவிட்டது என்கிறாள். முதலாளி என்னை வாசலில் டிக்கெட் கிழிக்க நிறுத்தியிருக்கிறார், உட்கார்ந்தே செய்கிற வேலை, ஆனாலும் சாயங்காலமானால் அசதி தாங்கவில்லை. பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று போனில் நீ கேட்டாய், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கஸில் இனி மிருகங்கள் கூடாது என்று சட்டம் வந்ததும் குதிரைகளும் நாய்களும் முதல் வாரமே போய்விட்டன. நம் யானைக்குக் காப்பகத்து லாரி போன மாதம் வந்தது. அவள் பெரியவள், நீ சின்னவள் என்று அம்மா கேலி பேசியதெல்லாம் அந்த ஆட்களுக்கு எப்படித் தெரியும், அவர்கள் காகிதத்தில் அவள் ஒரு எண்தான். ஏற மாட்டேன் என்று இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றாள். கூடை கூடையாகப் பழம் காட்டியும் திரும்பவில்லை. கடைசியில் கால்நடை டாக்டர் வந்து ஐயா நீங்கள் முன்னால் ஏறுங்கள் என்றார். ஏறினேன், பலகை கிறீச்சிட அவளும் பின்னாலேயே ஏறிவிட்டாள். நான் பக்கக் கதவு வழியாக இறங்கிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத்தில் அவளை ஏமாற்றியது அது முதல்தடவை என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். காலில் சங்கிலி இல்லை. இன்னொரு கிழட்டு யானையோடு குளத்தோரம் நின்று மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தாள். வேலிப்பக்கம் போனேன், கூப்பிடக்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் மண்ணைக் கீழே போட்டுவிட்டு, நொண்டுகிற பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து, கூடாரத்தில் நான் பழக்கிய மாதிரியே தும்பிக்கையைத் தூக்கிச் சலாம் போட்டாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். சரியாகச் செய்யவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து மறுபடியும் உட்கார்ந்தாள். போதும்மா போதும்மா என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணில் படாத இடத்துக்கு ஓடினேன். இங்கே வந்தபிறகு இதைச் செய்ததே இல்லை, உங்கள்மேல் அவ்வளவு பாசம் என்றாள் பராமரிக்கிற பெண். அது பாசம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ ஆறாவது படிக்கும்போது என் அங்குசத்தைத் தொட்டுப் பார்த்து, குத்தினால் அவளுக்கு வலிக்காதா அப்பா என்று கேட்டாய். யானைத்தோல், கொசு கடித்த மாதிரிதான் என்றேன். பிறகு காலேஜில் மிருகங்களை விடச்சொல்லி நீ கையெழுத்து வாங்கினாய் என்று தெரிந்ததும், அப்பன் சோற்றில் மண்ணைப் போடுகிறாள் என்று கத்தி எட்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்த எட்டு மாதமும் அம்மா என்னோடு பேசவில்லை. வலிக்கும் மகளே. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இனி நான் அங்கே போவதில்லை. லீவில் வரும்போது நீ போய்ப் பார். உன்னைப் பார்த்தால் அவள் உட்கார மாட்டாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மறந்துவிடாதே.

உன் அப்பா