நான்காம் ஆளின் நேரம்

ஆகஸ்ட் 9

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. அக்கா எழுதித் தரவில்லை. அவள் பக்கத்தில்கூட இல்லை, மாடியில் துணி காயப்போடுகிறாள். இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. நாற்பது வருஷம் கிடங்கில் ஆள் உயரக் கண்ணாடி தூக்கிய கை, ஒரு பேனாவைப் பிடிக்கத் திண்டாடுகிறது. ஆனாலும் எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வருகிறது.

மாலை வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். வங்கிக் காவல்காரர், சலவைக்காரர், ஆஸ்பத்திரிச் சமையல்காரம்மா, இப்படி எல்லாம் பல் போன கூட்டம். டீச்சருக்கு உன் வயசுதான் இருக்கும். "ஐயா, நீங்க எழுத்தைப் பார்த்து முறைக்கிறீங்க, அது பயந்து ஓடிப்போயிடுது" என்கிறாள்.

தெருவில் இருக்கிற பலகை ஒன்று விடாமல் படிக்கிறேன். அக்கா என்னோடு கடைக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். "கதவுக்குக் கதவு நின்னா எப்பப்பா வீடு போய்ச் சேர்றது?"

உங்கள் உலக சைக்கிள் போட்டியைப் பற்றிச் செய்தித்தாளில் ஆறு வரி வந்திருந்தது. நானே படித்தேன். ஓர் அணிக்கு ஆறு பேர் ஒன்றாகக் கிளம்புவார்களாம். நான்காவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரமாம். அப்படியானால் மிச்சம் இரண்டு பேர் எதற்கு? போனில் சொல்லாதே. உன் குரல் கேட்டால் எனக்குக் கேட்க வந்தது மறந்துவிடும். தாளில் எழுது. எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்வேன்.

உன் அப்பா

ஆகஸ்ட் 23

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அறையில் இருக்கும் நெட்டையன் உறையை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா கையெழுத்து நம்ம மேனேஜருக்குத் தேவலைடா" என்றான்.

மிச்சம் இரண்டு பேர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எரிப்பதற்கு. முன்னால் போகிறவன் காற்று முழுவதையும் மாரில் வாங்குவான். மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருவார்கள். அரை நிமிஷம் இழுத்ததும் அவன் ஒதுங்கிவிடுவான். வரிசை அவனைக் கடந்து போகும், அவன் வாலில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இதே வேலை. இப்படி இழுத்து இழுத்து இரண்டு பேர் தீர்ந்துபோனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இழுத்து முடித்தவனுக்குக் கண்ணில் வேர்வை, மூளையில் ரத்தமே இருக்காது. எத்தனை பேர் கடந்தார்கள் என்று எண்ண முடியாது. அதனால் வரிசையின் கடைசியில் இருப்பவன் "கடைசி" என்று கத்துவான். அதைக் கேட்டதும் இவன் உள்ளே நுழைந்துகொள்வான். கேட்கவில்லை என்றால் இன்னும் ஆள் வருகிறது என்று காத்திருப்பான். ஒரு நொடி போதும், வரிசை போய்விடும். அப்புறம் பிடிக்க முடியாது.

படத்தில் பார்க்க அழகாக இருக்கும். கிட்டே வந்தால் மூக்கைப் பிடிப்பீர்கள். முன்னால் போகிறவன் எச்சிலும் சளியும் பின்னால் வருகிறவன் முகத்தில்தான் அடிக்கும். துடைக்கக் கை எடுக்கக் கூடாது. நேற்றுப் பயிற்சியில் ஒருவன் ஓட்டிக்கொண்டே வாந்தி எடுத்தான். பின்னால் இருந்த நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். தினமும் காலையில் எங்களை ஜட்டியோடு தராசில் நிறுத்துகிறார் பயிற்சியாளர். முந்நூறு கிராம் கூடியதற்கு, "உன் தொப்பையை மத்த அஞ்சு பேரும் சுமக்கணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இருபத்தெட்டு வயசில் என் உடம்பே எனக்குக் குமட்டுகிறது.

ஒரு விஷயம். அடுத்த வருஷத்துக்கு எல்லாருக்கும் ஒப்பந்தம் வந்துவிட்டது. எனக்கும் நெட்டையனுக்கும் மட்டும் வரவில்லை. இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் இடமாம். போட்டியில் எவன் கடைசிவரை நிற்கிறானோ அவனுக்கு. சொல்லிவிட்டு எங்களை ஒரே அறையில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் துணியை அவன்தான் துவைத்தான். சனியன், நல்லவனாக வேறு இருக்கிறான்.

அன்புடன்,
சின்னவன்

செப்டம்பர் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதத்தைப் பதினோரு தடவை படித்தேன். சளி வருகிற இடத்தை மட்டும் பத்துத் தடவை. சமையல்காரம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "ஐயே, இதுக்குப் போய் மெடல் வேற குடுக்குறாங்களா?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எரிப்பதற்கு என்று எழுதியிருக்கிறாய். விறகுக்குச் சொல்கிற வார்த்தையை மனுஷனுக்குச் சொல்கிறார்கள், நீயும் எழுதிவிட்டாய். எனக்குப் பிடிக்கவில்லை.

இடம் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா. உன் அறையில் அக்கா தையல் மிஷினைப் போட்டிருக்கிறாள், நகர்த்திவிடலாம். துணி துவைத்த பிள்ளைக்கு நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அப்பா

செப்டம்பர் 22

அன்பு அப்பாவுக்கு,

மூன்றாம் இடம். வெண்கலம். உலகத்தில் மூன்றாம் இடம் அப்பா. நான்காவதாக வந்த அணியைவிட இரண்டே நொடி. என் ஒப்பந்தத்திலும் நேற்றுக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒருவர் திட்டப்படி விலகிக்கொண்டார். ஐந்து பேர் ஆனோம். முடிய எட்டு கிலோமீட்டர் இருந்தபோது நெட்டையன் இழுத்துவிட்டு ஒதுங்கினான். வாலில் ஒட்ட முடியாமல் விட்டுவிட்டான். துரத்தி வரப் பார்த்து அடுத்த வளைவில் தடுப்பில் மோதி விழுந்தான். தோள் எலும்பும் வலது முழங்கையும் உடைந்துவிட்டன. கவனக் குறைவு. எண்ணிக்கையைத் தவறவிட்டேன் என்று அவனே பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டான். பாவம்தான், ஆனால் அந்த இடத்தில் யாரும் நிற்க முடியாது. நான்கு பேர் மிஞ்சியிருந்தோம். அதில் நான்காவது ஆள் நான். அணியின் நேரம் என் நேரம்தான் அப்பா.

அக்காவிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சின்னவன்

அக்டோபர் 3

சின்னவனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று தெரு முழுக்கச் சொன்னேன். வகுப்பில் டீச்சர், "இன்னைக்குப் பாடம் கிடையாது, ஐயா பையனைப் பார்க்கலாம்" என்று கம்ப்யூட்டரில் போட்டியைப் போட்டாள். ஒன்பது பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம். நீ எழுதிய முறை எல்லாம் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். இவன் இழுக்கிறான், இவன் ஒதுங்குகிறான், இப்போது கடைசி ஆள் கத்துவான் பாருங்கள் என்று. பெருமை தாங்கவில்லை எனக்கு.

படம் எடுக்கிறவன் பைக்கில் உன் பக்கத்திலேயே வந்தான். ஒரு சுற்றில் நெட்டையன் ஒதுங்கி வந்தபோது வரிசையில் கடைசி ஆள் நீ, உன் வாய் திறந்தது. அடுத்த சுற்றிலும் திறந்தது. அதற்கும் அடுத்த சுற்றில் வந்தபோது நீ அவனைத் திரும்பிப் பார்த்தாய். வாய் மூடியிருந்தது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். நீ போய்விட்டாய்.

காவல்காரர் கைதட்டினார். சமையல்காரம்மா, "உங்க பையன்தான் வாயை மூடிக்கிட்டு என்ன அமைதியா ஓட்டுறான்" என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்த டீச்சர் அந்த இடத்தை மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் பார்த்தேன். பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வயசாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிடங்கில் ஆறு பேர் ஒரு கண்ணாடியைப் பிடிப்போம். பின்னால் இருப்பவன் வாயைத் திறந்து சொன்னால்தான் முன்னால் இருப்பவன் கையை எடுப்பான். அவனுக்குப் பின்பக்கம் தெரியாது, குரல்தான் அவனுக்குக் கண். நாற்பது வருஷத்தில் எங்களில் குடிகாரன் இருந்தான், திருடன் இருந்தான். குரல் கொடுக்காதவன் ஒருவன்கூட இல்லை.

நீ மறந்துவிட்டாயா? மறந்துவிட்டேன் என்று எழுதினால் நம்புகிறேன். இல்லையென்றால் பயிற்சியாளரிடம் போய் நடந்ததைச் சொல். அந்தப் பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் சொல்.

அப்பா

அக்டோபர் 12

அப்பாவுக்கு,

மறக்கவில்லை. பொய் எழுத முடியாது, நீங்கள் அதையும் பதினோரு தடவை படிப்பீர்கள்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவன் வருவது தெரிந்தது. எனக்குக் கால் இரண்டும் செத்துக்கொண்டிருந்தன, இன்னும் ஒரு சுற்று அவன் இருந்தால் விழப்போவது நான்தான் என்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். தள்ளவில்லை, இடிக்கவில்லை. என் இடத்தில் அவன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியுமா? இங்கே யாரும் யாரையும் சுமப்பதில்லை. உங்கள் கிடங்கு வேறு, இது வேறு. படிக்கத் தெரிந்து மூன்று மாசம் ஆகவில்லை, என்னை விசாரணை செய்ய வந்துவிட்டீர்கள். நான் பயிற்சியாளரிடம் சொல்லப்போவதில்லை.

நெட்டையன் இன்னும் இதே அறையில்தான் இருக்கிறான். மாத முடிவில் போகிறான். வலது கையில் மாவுக்கட்டு. அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறேன், கடுதாசி வந்தால் பிரித்துக் கொடுக்கிறேன். நேற்று, "என்னால உங்க எல்லாருக்கும் வெள்ளி போச்சுடா, மன்னிச்சுக்கோ" என்றான். எனக்கு அறையை விட்டு ஓட வேண்டும்போல் இருந்தது. அருவருப்பு உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

பதக்கத்தைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இருபது வருஷம் என்னை ஓட்ட வைத்தது நீங்கள். கூடத்தில் மாட்டுங்கள்.

சின்னவன்

அக்டோபர் 20

சின்னவனுக்கு,

நீ பொய் எழுதவில்லை. அதற்காக இந்தக் கடிதம்.

அவன் உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. நீ என்ன செய்தாய் என்று தெரியும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா டாக்டரிடம் போகலாம் என்கிறாள். அவளிடம் சொல்லவில்லை, உனக்காக இல்லை, சொல்ல நாக்கு வரவில்லை.

நேற்றுத் தபால்காரர் உன் பொட்டலத்தோடு வந்தார். சின்னதுதான், நல்ல கனம். "கைநாட்டு வைக்க மை டப்பாவை எடுக்கட்டுமா ஐயா?" என்று கேட்டார். பேனா கேட்டேன். ஆள் அசந்துபோய் நின்றார். பொட்டலத்தின் மேல், வாங்க மறுக்கிறேன் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். "எழுத்து முத்து முத்தா இருக்கே, ஆனா ஏன் ஐயா திருப்புறீங்க?" என்றார். விலாசம் சரி, பொருள்தான் என்னுடையது இல்லை என்றேன்.

நீ வரலாம். அறை இருக்கிறது. அதைக் கொண்டு வராதே.

இந்தக் கடிதத்தோடு இன்னொன்றும் தபாலில் போடுகிறேன். அது நெட்டையனுக்கு. ஒரு பக்கம்தான், மூன்று நாள் எழுதினேன். நீ எண்ணிக்கையைத் தவறவிடவில்லை தம்பி, உனக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை, நான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். வேறு வசவு எதுவும் இல்லை. பயிற்சியாளரிடம் போவதும் போகாததும் இனி அவன் இஷ்டம்.

இரண்டும் ஒரே நாளில் ஒரே அறைக்கு வந்து சேரும். ஒரு கையால் அவனால் உறையைப் பிரிக்க முடியாது, உன்னிடம்தான் நீட்டுவான்.

பிரித்துக் கொடு.

அப்பா